உண்பவரும் ஊட்டுபவரும் உடன்படுபவரும்

(அட்சய திருதியை விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று அட்சய திருதியை. கடைவீதிக்கு இது பொன் வாங்கும் நாள். ஜினாலயத்திற்கோ இது உணவு ஈந்த நாள். முதல் தீர்த்தங்கரராகிய விருஷப தேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பில் நின்றார். பின்னர், துறவியர் உணவு ஏற்கும் முறையை வருங்காலத்தார்க்குக் காட்டும்பொருட்டு ஊர்தோறும் நடந்தார். அவரைக் கண்ட மக்கள் மகிழ்ந்தனர். யானையையும் குதிரையையும் கொணர்ந்து முன்னே நிறுத்தினர். பட்டையும் மணியையும் குவித்தனர். துறவி ஒருவர் ஏற்கத்தக்க உணவு எது, அதனை எவ்வாறு ஈவது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வாறே மேலும் ஆறு திங்களுக்கு மேல் கடந்தன. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன், முற்பிறவியில் முனிவர்க்கு உணவளித்த நினைவு எழப்பெற்று, பெருமானின் கைகளில் கருப்பஞ்சாற்றை வார்த்தான். தானம் என்னும் அறம் இவ்வுலகில் தொடங்கிய நாள் இதுவே என்பது சமண மரபு.

இவ்வரலாற்றில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. யானையையும் மணியையும் கொணர்ந்தவர்களிடம் அன்பு குறைவாக இல்லை. அன்பு நிறைந்திருந்தது, முறை தெரியவில்லை. அதனால் அத்தனை அன்பும் பெருமானின் பசிக்கு உதவவில்லை. இன்று தமிழ்ச் சமணர் இல்லங்களிலும் விருந்துகளிலும் உணவு படைக்கும் கைகளில் அன்பு நிறைந்திருக்கிறது. அந்த அன்பு உண்பவரின் உடலுக்கு உதவுகிறதா, ஊறு செய்கிறதா என்பதே இவ்வுரையின் பொருள்.

மரக்கறி உணவும் பெருகும் எடையும்

ஊன் உண்ணாதார்க்கு உடல்நோய் அணுகாது என்னும் நம்பிக்கை சமணர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. ஊனுண்ணாமை உயிரிரக்கத்தின் விளைவு. அதன் பெருமை அதனளவில் முழுமையானது. ஆனால் அரிசியும் சர்க்கரையும் நெய்யும் எண்ணெயும் மரக்கறி உணவே. அவை அளவு மீறினால், உண்பவர் எந்த அறத்தைச் சார்ந்தவர் என்று உடல் வினவுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இந்தியாவில் 20 வயது நிரம்பியவர்களில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு உடையவர் என்றும், 35.5 பேர் உயர் இரத்த அழுத்தம் உடையவர் என்றும், 39.5 பேர் வயிற்றுப் பகுதியில் மிகைக்கொழுப்பு உடையவர் என்றும் அது கண்டது. நீரிழிவாளர் தொகை மட்டும் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம்.

இந்தியர் உடலுக்கெனத் தனி அளவுகோலும் வகுக்கப்பட்டுள்ளது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 23-ஐ எட்டினால் அது மிகை எடை. 25-ஐ எட்டினால் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருத்தல் வேண்டும். கைகால்கள் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பது இந்தியரிடையே மிகுதி. அத்தகையோரைப் பார்த்து, பருத்தவர் என்று யாரும் சொல்வதில்லை. அவர்களும் தம்மை அவ்வாறு எண்ணுவதில்லை. ஆயினும் நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் அந்த வயிற்றுக் கொழுப்பே வழி திறக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் பாட்டனார் உழவர். விடியலில் கழனிக்குப் போய், வெயில் ஏறியபின் திரும்பி, மூன்று வேளையும் வயிறார உண்டார். உண்டது உழைப்பில் கரைந்தது. தந்தையார் ஆசிரியர், பள்ளிக்கு மிதிவண்டியில் சென்றார். மகன் சென்னையில் அலுவலர். வாயிலில் வண்டி ஏறி, அலுவலக வாயிலில் இறங்குகிறார். மூன்று தலைமுறையிலும் இலையில் விழும் சோற்றின் அளவு பெரிதும் மாறவில்லை. உழைப்பு மட்டும் மறைந்துவிட்டது. வயது 52, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 79 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அவரது உடல்நிறை எண் 29. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்புகிறார்.

அவர் சமணர், நோன்பு அவருக்குப் புதிதன்று. சதுர்த்தசி தோறும் உண்ணாதிருப்பவர் அவர். ஆகவே எடையைக் குறைப்பதையும் ஒரு நோன்பாகவே ஏற்கிறார். அவர் மட்டும் இனிப்பை விடுகிறார். அவர் மட்டும் சோற்றைக் குறைக்கிறார். வீட்டில் சமையல் முன்போலவே நடக்கிறது. மகனுக்குப் பூரி, மகளுக்கு நெய்த்தோசை, அவருக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி. மூன்றாம் வாரத்தில் மைத்துனர் வீட்டுத் திருமணம் வருகிறது. "ஒரு நாளைக்குத்தானே மாமா" என்று இலையில் இரண்டு ஜாங்கிரி விழுகிறது. சதுர்த்தசி நோன்பு முடிந்த மறுநாள் பாரணையில், ஒரு நாள் பட்டினிக்கு ஈடாகப் பொங்கலும் வடையும் பாயசமும் வரிசையில் வருகின்றன. மூன்று திங்கள் கழித்து எடைக்கருவியில் ஏறினால் 79-க்குப் பதில் 80. மனவுறுதி இல்லாதவர் என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். அவரும் அதனை நம்பிவிடுகிறார்.

இங்குத் தோற்றது அவருடைய மனவுறுதி மட்டுமா என்பதை ஆராய வேண்டும்.

மூவகைச் செயல்

வினை மூன்று வகையால் நிகழும் என்பது சமண அறநூல்களின் துணிபு. தானே செய்தல் கிருதம். பிறரைக் கொண்டு செய்வித்தல் காரிதம். பிறர் செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல் அனுமோதனம். கொன்றவனுக்கு மட்டுமன்றி, கொல்லச் செய்தவனுக்கும் அதனை ஒப்பியவனுக்கும் வினை உண்டு என்று சொல்லும் நுட்பமான அறம் இது. இந்நுட்பத்தை உணவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அளவு மீறி உண்டவர் ஒருவர். வேண்டாம் என்று கை மறித்த பின்னும் ஊட்டியவர் மற்றொருவர். அதனை விருந்தோம்பலின் சிறப்பென்று பார்த்து மகிழ்ந்தவர் பந்தியில் இருந்த அனைவரும். இவ்வாறு மூவரும் சேர்ந்து செய்த செயலின் சுமையை ஒருவரின் உடல் மட்டும் தாங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நல்வினையும் இம்மூவகையால் விளையும். அளவோடு உண்பவர் ஒருவர், அதற்கேற்பச் சமைப்பவர் ஒருவர், அதனைப் பாராட்டி ஏற்பவர் சுற்றத்தார் என்று அமைந்தால், ஒருவருக்கு அரிதாயிருந்த செயல் அனைவருக்கும் எளிதாகிறது.

மேலைநாட்டு ஆய்வுகளும் இதனையே காட்டுகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிராமிங்காம் என்னும் ஊரை மையமாகக் கொண்டு 12,067 பேரின் உடல்நிலைக் குறிப்புகள் 32 ஆண்டுக் காலத்திற்குத் தொகுத்து ஆராயப்பட்டு, 2007-இல் முடிவுகள் வெளியாயின. ஒருவரின் நண்பர் பருமனானால் அவரும் பருமனாகும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடியது. உடன்பிறந்தாரால் 40 விழுக்காடும், வாழ்க்கைத் துணையால் 37 விழுக்காடும் கூடியது. அடுத்த வீட்டில் வசிப்பவரால் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. இதன் காரணங்களைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. எனினும், சுவர் ஒட்டிய அண்மையைக் காட்டிலும் மனம் ஒட்டிய உறவே இதில் பெரிது என்பது அவ்வெண்களில் தெரிகிறது.

1999-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு இன்னும் பொருத்தமானது. எடைக் குறைப்புப் பயிற்சிக்குத் தனியே வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில், குறைத்த எடையைப் பத்தாம் திங்கள் வரை முழுமையாகக் காத்துக்கொண்டவர் நூற்றுக்கு 24 பேர். நண்பர்களோடு வந்து, ஒருவர்க்கொருவர் துணையாகும் பயிற்சியும் பெற்றவர்களில் அவ்வாறு காத்துக்கொண்டவர் நூற்றுக்கு 66 பேர். உணவு முறை பற்றிய அறிவுரை இருசாரார்க்கும் கிடைத்தது. துணை இருந்தவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையேதான் அத்தனை வேற்றுமை.

அடுக்களையில் தொடங்கும் அறம்

ஆகவே எடையைக் குறைத்தல் ஒருவரின் நோன்பு அன்று. அது இல்லத்தின் நோன்பு. ஒருவருக்குத் தனிச் சமையல் என்பது அவரைப் பந்தியிலிருந்து விலக்கி வைப்பது போன்றது. எடை கூடியவருக்கு நல்லதாகிய உணவு, கூடாதவருக்கும் நல்லதே. தட்டில் பாதியளவு காய்கள். கால் பங்கு பருப்பு, பயறு வகை. எஞ்சிய கால் பங்கே சோறு அல்லது சப்பாத்தி என்று வீட்டில் உள்ள அனைவரும் உண்ணத் தொடங்கினால், யாரும் யாருக்காகவும் தியாகம் செய்ததாக எண்ண வேண்டுவதில்லை. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு ஆகியவை சமணர் அடுக்களைக்குப் பழகியவையே. அவை சோற்றுக்குத் தொடுகறியாக ஒரு கரண்டி வந்த நிலை மாறி, அவையே முதன்மை பெற வேண்டும்.

எண்ணெய்க் கணக்கையும் ஒருமுறை பார்த்தல் நன்று. நால்வர் உள்ள வீட்டில் திங்களுக்கு 4 லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று கொண்டால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 33 மில்லிலிட்டர். அதனை 2 லிட்டராக்கினால், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 கலோரி குறைகிறது. காப்பியில் இடும் சர்க்கரையும் அவ்வாறே. நாளைக்கு நான்கு குவளை, குவளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. இவற்றைக் குறைப்பதற்கு யாரும் பசித்திருக்க வேண்டுவதில்லை. மளிகைப் பட்டியல் எழுதுபவரின் கையில்தான் இது இருக்கிறது.

தாய்மார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சமணர் இல்லங்களில் சமைத்த உணவை இரவு கடத்தி வைப்பதில்லை, வீணாக்குவதும் அறமன்று. மீந்ததை யார் உண்கிறார்? பெரும்பாலும் தாய். எல்லாரும் உண்ட பின்பு அமர்ந்து, தன் பங்கையும் உண்டு, பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு கரண்டியையும் பொழுது சாய்வதற்குள் அவரே முடிக்கிறார். அறத்தை அவர் தம் உடலால் காக்கிறார். இருபது ஆண்டுகளில் அவருடைய முழங்கால் அதற்கு விலை கொடுக்கிறது. இதற்குத் தீர்வு, வீட்டில் உள்ளோர் காலையிலேயே யார் யார் எவ்வளவு உண்பர் என்று சொல்லிவிடுதலும், அரிசியைக் கைப்பிடியால் அள்ளாமல் படியால் அளந்து போடுதலும், தாயும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் அமர்தலும் ஆகும். மீறாமல் சமைத்தலே மீந்ததை உண்பதினும் மேலான அறம்.

பொழுது மறைவதற்கு முன் உண்ணும் வழக்கம் சமணர்க்குக் கிடைத்த பெரும் பேறு. நுண்ணுயிர்களுக்குத் தீங்கு நேராமைப்பொருட்டு ஏற்பட்ட இவ்வொழுக்கம் உடலுக்கும் நலம் செய்கிறது. ஒரே உணவைக் காலையில் உண்டால் ஏறும் இரத்தச் சர்க்கரையைக் காட்டிலும், இரவில் உண்டால் ஏறும் சர்க்கரை மிகுதி என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் நகர வாழ்க்கையில் இவ்வொழுக்கம் சிதைந்துவிட்டது. அலுவலகத்தில் இருப்பவர் ஐந்தரை மணிக்குக் கடையில் கிடைக்கும் பஜ்ஜியையோ போண்டாவையோ இரவு உணவுக்கு ஈடாக்குகிறார். வீடு திரும்பியபின் பசி தாங்காமல் இனிப்பிட்ட பாலும் பழமும் பிஸ்கட்டும் கொள்கிறார். இரவில் சோறு உண்ணவில்லை என்ற மனநிறைவு மட்டும் எஞ்சுகிறது. காலையில் கட்டிக் கொடுக்கும் உணவோடு, மாலைக்கென வேகவைத்த சுண்டலோ கோதுமை உப்புமாவோ தனியே ஒரு சிறு அடுக்கில் வைத்து அனுப்பினால், ஒழுக்கமும் காக்கப்படும், உடலும் காக்கப்படும். அந்த அடுக்கை நிரப்புவதும் குடும்பத்தாரின் துணையே.

தவம் காட்டும் வழி

சமண நூல்கள் புறத்தவம் ஆறு என்று வகுக்கின்றன. அவற்றுள் முதல் நான்கும் உணவைப் பற்றியவை என்பது கருதத்தக்கது. உண்ணாதிருத்தல் முதலாவது. வயிறு நிறைய உண்ணாமல் குறைத்து உண்ணுதல் இரண்டாவது. இன்னின்ன வகையில் கிடைத்தால் மட்டுமே ஏற்பேன் என்று உணவுக்கு வரையறை வகுத்துக்கொள்ளுதல் மூன்றாவது. பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்னும் ஆறு சுவைப்பொருள்களில் ஒன்றையோ பலவற்றையோ விடுதல் நான்காவது. மருத்துவர் இன்று குறைக்கச் சொல்லும் நெய்யும் எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் அப்பட்டியலில் முன்னரே இருக்கின்றன.

இவற்றுள் மக்கள் பெரிதும் அறிந்தது முதல் தவமே. நோன்பு என்றாலே பட்டினி என்று கொள்கின்றனர். ஆனால் எடையைக் குறைக்க விரும்பும் இல்லறத்தார்க்கு ஏற்றது இரண்டாம் தவமாகிய குறையுண்ணல். ஆடவரின் முழு உணவு 32 கவளம், பெண்டிரின் முழு உணவு 28 கவளம் என்று நூல்கள் வகுத்து, அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அது தவமே என்கின்றன. ஒரு நாள் முழுதும் பட்டினி கிடந்து மறுநாள் இருமடங்கு உண்பவரைக் காட்டிலும், நாள்தோறும் இரண்டு கவளம் குறைத்து எழுந்துவிடுபவர் தம் உடலையும் நாவையும் நன்றாக ஆள்கிறார். திருக்குறள் மருந்து என்னும் அதிகாரத்தில் முதலில் வலியுறுத்துவது மூலிகையை அன்று. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுதலையே.

ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. தவத்தின் நோக்கம் வினையை உதிர்த்தல். எடையை உதிர்த்தல் அன்று. உடல் இளைப்பதற்காக மட்டும் ஒருவர் பட்டினி கிடந்தால், அதனைத் தவம் என்று பெயரிடுதல் பொருந்தாது. ஆனால் நாவை அடக்கும் பயிற்சி இரண்டிற்கும் பொது. அப்பயிற்சியை முன்னோர் ஏற்கெனவே கையில் கொடுத்துச் சென்றிருக்கின்றனர்.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விரதத்தை நியமம், யமம் என இரண்டாக்குகிறார். காலவரையறையோடு ஏற்பது நியமம். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். இல்லறத்தார் தொடங்கத்தக்கது நியமமே. இனி வாழ்நாளில் இனிப்பைத் தொடுவதில்லை என்று சூளுரைத்து எட்டாம் நாள் தவறுவதைக் காட்டிலும், இந்தத் திங்கள் முழுதும் காப்பியில் சர்க்கரை இல்லை என்று குடும்பம் முழுவதும் ஏற்று நிறைவேற்றுதல் மேல். அது முடிந்ததும் அடுத்த திங்களுக்கு மற்றொன்று. சிறு நியமங்கள் நிறைவேறும்போது மனம் வலுப்பெறுகிறது.

மருத்துவ எச்சரிக்கையும் இங்கு வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உண்ணாநோன்பு மேற்கொள்ளுதல் ஆகாது. உணவு இல்லாமல் மருந்து மட்டும் உள்ளே சென்றால், இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் நேரும். உயிருக்கே ஊறாகவும் முடியும். கருவுற்றோர், சிறுநீரகக் கோளாறு உடையோர், மிக முதியோர் ஆகியோர்க்கும் இஃது பொருந்தும். இத்தகையோர் நோன்பு ஏற்கவில்லையே என்று சுற்றத்தார் குறை கூறுதல் தகாது. குறையுண்ணலும் சுவைதுறத்தலும் உள்ளத் தவங்களும் அவர்களுக்காகவே திறந்திருக்கின்றன.

சமூகத்தின் மூன்று கடமைகள்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் மூன்று, பிறரிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியவை. பிறர் குறையைப் பறைசாற்றாமல் மறைத்தல் உபகூகனம். நெறியில் தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்துதல் ஸ்திதிகரணம். அறத்தில் உடன்நிற்போரிடம் அன்பு காட்டுதல் வாத்ஸல்யம். எடையைக் குறைக்க முயல்பவர்க்கு அவருடைய சமூகம் செய்யத்தக்க உதவியும் இம்மூன்றே.

உபகூகனம் முதலில் வேண்டும். திருமண மண்டபத்தில் பலர் நடுவே, "என்னம்மா இப்படிப் பெருத்துவிட்டாய்" என்று ஒரு பெண்ணிடம் கேட்பதை இன்னும் பலர் அன்பின் அடையாளமாகவே கருதுகின்றனர். அப்பெண் முயன்று ஆறு கிலோகிராம் குறைத்தபின் அதே வாய், "என்ன இளைத்துவிட்டாய், சர்க்கரையா?" என்று கேட்கிறது. பருத்தால் கேலி, இளைத்தால் ஐயம் என்றால் அவர் எங்கே போய் நிற்பார்? பிறருடைய உடலைப் பற்றிப் பொது அவையில் பேசாதிருத்தலை ஒரு நியமமாகவே ஏற்கலாம். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளிடம் இது இன்னும் கண்டிப்பாகக் காக்கப்பட வேண்டும். கேலிக்கு ஆளான பிள்ளை ஒளித்து உண்ணப் பழகுகிறது.

அடுத்தது ஸ்திதிகரணம். எடையைக் குறைக்கும் வழியில் தளராதவர் இலர். ஒரு திருமணம், ஒரு நோய், ஒரு துயரம் போதும். குறைத்தது திரும்ப வந்துவிடும். அப்போது, அன்றே சொன்னேனே என்பவர் பலர். நாளைக் காலை சேர்ந்து நடப்போம் வாருங்கள் என்பவர் சிலர். அந்தச் சிலரே ஸ்திதிகரணம் என்னும் உறுப்பை உடையவர். சென்னையில் நடத்தப்பெற்று 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் உணவு முறையாலும் நடையாலும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தனர். அவர்கள் எடையோ பெரிதாகக் குறையவில்லை. எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று சோர்பவர்க்கு இச்செய்தியைச் சொல்லித் தாங்கிப்பிடிக்கலாம். முயற்சி உள்ளே பயன் தந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது வாத்ஸல்யம். அன்பு செயலாக மாற வேண்டும். பெரியவர் ஒருவர் காலையில் நடக்க வேண்டும் என்றால், பேரப்பிள்ளை ஒருவர் உடன் செல்லலாம். உலகச் சுகாதார நிறுவனம் வயதுவந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது; நாளைக்கு அரைமணி நேரம் என்று ஐந்து நாள் நடந்தால் அதன் முதற்படி நிறைவேறும். கதிரவன் எழுந்தபின், நிலத்தை நோக்கி, சிற்றுயிர்கள் காலடியில் படாதவாறு நடக்கும் நடை சமணர்க்கு இயல்பான ஒழுக்கமும் ஆகும். பொன்னூர் மலையிலும் திருமலையிலும் படியேறி வழிபட்ட கால்கள் முன்னோருடையவை. சமணக் குன்றுகளைக் கூடிச் சென்று காணும் அகிம்சை நடை போன்ற முயற்சிகளில் குடும்பத்தோடு சேர்வோர், வரலாற்றோடு தம் உடலையும் பேணுகின்றனர்.

அறக்கட்டளைகளும் ஆலயக் குழுக்களும் செய்யத்தக்கவை சில. விழா விருந்தில் இனிப்பு ஒன்றே போதும். அதுவும் கேட்டபின் இலையில் இடப்பட வேண்டும். கை மறித்தவர்க்கு மீண்டும் வற்புறுத்தாதிருப்பதைப் பரிமாறும் இளைஞர்களுக்குப் பயிற்சியாகவே சொல்லித்தரலாம். பொரித்தவை இரண்டுக்கு மாற்றாக ஒரு கூட்டும் ஒரு சுண்டலும் வைக்கலாம். திங்களில் ஒரு நாள், வழிபாடு முடிந்தபின், ஆலயத்தை அடுத்த கூடத்தில் எடைக்கருவி, அளவுநாடா, இரத்த அழுத்தக் கருவி ஆகியவற்றோடு சமூகத்து மருத்துவர் ஒருவர் அமரலாம். அளவுகள் அவரவர் குறிப்பேட்டில் மட்டும் எழுதப்பட வேண்டும்; பலகையில் எழுதப்படலாகாது. உபகூகனம் அங்கும் காக்கப்பட வேண்டும்.

முன்னே சொன்ன குடும்பத்திற்குத் திரும்பலாம். அவர் மறுபடியும் தொடங்குகிறார். இம்முறை தனியே அன்று. இல்லத்தரசியார் எண்ணெயைப் பாதியாக்குகிறார். அவரும் கணவரோடு ஒரே வேளையில் அமர்கிறார். மாலை உணவு காலையிலேயே அடுக்கில் செல்கிறது. மகள் தந்தையோடு நடக்கிறாள். பாரணை கஞ்சியோடும் காய்கறியோடும் முடிகிறது. மைத்துனர் வீட்டு விருந்தில், "மாமாவுக்கு மோர் கொண்டு வா" என்று மைத்துனரே சொல்கிறார். வாரத்திற்கு அரைக் கிலோகிராமுக்கு மேல் குறைய வேண்டுவதில்லை. 79 கிலோகிராமில் நான்கு குறைந்தாலே அது 5 விழுக்காடு. இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும் அளவு அது. எட்டு குறைந்தால் பயன் இன்னும் மிகுதி. அவர் மட்டுமன்று, அவருடைய மனைவியும் மக்களும் அதே தட்டில் தங்கள் பங்கு நலத்தைப் பெற்றிருப்பர்.

பொருளும் நிலமும் நூல்களும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத் தக்கவை. நோயற்ற உணவுப் பழக்கமும் அவ்வரிசையில் வைத்தற்குரியது. பங்கிட்டாலும் குறையாத செல்வம் அது. அட்சயம் என்னும் சொல்லுக்குக் குறைவில்லாதது என்பதே பொருள்.

சிரேயாம்ச குமாரன் வார்த்தது, பெருமான் ஏற்றற்கு உரிய உணவு. ஏற்பவர்க்குத் தக்கது எது என்று அறிந்து, வேண்டிய அளவில், தூய மனத்தோடு ஈந்ததனாலேயே அது முதல் தானம் எனப்பட்டது. யானையும் மணியும் கொணர்ந்தவர் பெயர்களை யாரும் நினைப்பதில்லை. இன்று இல்லம் திரும்பி இலை போடும் ஒவ்வொருவரும், எதிரே அமர்ந்திருப்பவர்க்குத் தக்கது எது என்று ஒரு கணம் எண்ணி, கரண்டியை அவ்வளவில் நிறுத்தினால், அத்தினாபுரத்து அறம் அந்த இல்லத்திலும் நிகழ்ந்ததாகும்.

அறம் பெருகுக. அனைவர் இல்லத்திலும் உடல்நலம் நிலைபெறுக.